டிஸ்டில்டு வாட்டர் உண்மையிலேயே சுத்தமா? வீட்டிலேயே சோதிக்க முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் வந்து இறங்கிய பிறகுதான் இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் வற்றியிருப்பது தெரியும். உடனே யாரையாவது கடைக்கு அனுப்பி ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றிவிடுவார்கள். கேனுக்குள் இருப்பது என்ன தண்ணீர் என்று பார்ப்பவர்கள் குறைவு. பார்க்கிறவர்களும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நேராகக் கேனுக்குள் விட்டு, 9 என்று காட்டினால் கடைக்காரரைத் திட்டுவார்கள், 0 என்று காட்டினால் நிம்மதியாகி விடுவார்கள். பல நேரம் இரண்டுமே தப்பான முடிவு.

இந்தச் சோதனையில் வரிசைதான் முக்கியம். முதலில் கிண்ணம், அப்புறம் மீட்டர், கடைசியில்தான் தண்ணீர். புதிதாகச் செய்கிறவர்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதில் ஆரம்பிப்பதால்தான் குழப்பமே வருகிறது.

1. எதற்காகச் சோதிக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எவ்வளவு சுத்தம் போதும் என்பது வேலையைப் பொறுத்தது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீருக்கு இந்தியாவில் தனித் தரநிலையே இருக்கிறது, ஐஎஸ் 1069. சோதனைக்கூட வேலைக்கான தண்ணீரை ஐஎஸ்ஓ 3696 மூன்று தரமாகப் பிரிக்கிறது. அதில் கடைசித் தரமான மூன்றாம் தரத் தண்ணீரே 25 டிகிரியில் 5 மைக்ரோ சீமன்ஸுக்கு (மின்கடத்தலை அளக்கும் அலகு) மேல் மின்சாரத்தைக் கடத்தக்கூடாது. டிடிஎஸ் மீட்டர் கணக்கில் அது சுமார் 2.5 முதல் 3.5 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது ஒரு பிபிஎம்).

வீட்டு இன்வெர்ட்டருக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு இதுதான்: 0 முதல் 2 வரை காட்டினால் யோசிக்காமல் ஊற்றலாம். 5 வரை பரவாயில்லை. 5ஐத் தாண்டினால் கிண்ணத்தைக் கழுவி மறுபடி பார்ப்பேன், அப்படியும் இறங்காவிட்டால் ஊற்ற மாட்டேன். பேட்டரியோடு வந்த புத்தகத்தில் இதைவிடக் கண்டிப்பான அளவு இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டர் ஒன்று. வாங்கும்போதே மைக்ரோ சீமன்ஸிலும் காட்டக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள், காரணம் 6ஆம் பகுதியில் வருகிறது. கண்ணாடி டம்ளர் இரண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று. சமையலறைத் தராசு, கொஞ்சம் சமையல் உப்பு, பழைய முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு அல்லது கறையில்லாத கண்ணாடித் தட்டு. திறக்காத கேன் ஒன்றிலிருந்து குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஏனென்றால் கழுவுவதற்கே அதில் பாதி போய்விடும்.

பித்தளைச் செம்பு, தாமிரச் சொம்பு வேண்டாம். நம் பக்கம் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பித்தளைதான், அதனால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்பே இல்லாத தண்ணீர் உலோகத்தை மெதுவாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். எவர்சில்வர் பரவாயில்லை, ஆனால் கண்ணாடியில் தூசு தெரியும், எவர்சில்வரில் தெரியாது.

3. கிண்ணத்தைக் கழுவுவது

இந்த ஒரு படியில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் போர் தண்ணீர் 1000 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். அதில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து எடுத்தீர்கள், சுவரில் 1 மி.லி. ஒட்டியிருக்கிறது. அதில் 100 மி.லி. சுத்தமான டிஸ்டில்டு வாட்டரை ஊற்றினால் மீட்டர் 10 காட்டும். கேன் தண்ணீர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அந்த 10 முழுக்க டம்ளருடையது. துணியால் துடைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், துணியில் சோப்பும் உப்பும் இருக்கும். காய வைத்தாலும் போகாது, தண்ணீர்தான் காயும், உப்பு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

சரி, எப்படிக் கழுவுவது? முதலில் சாதாரணத் தண்ணீரில் சோப்பு போகிறவரை அலசுங்கள். அப்புறம் சோதிக்கப் போகிற அதே டிஸ்டில்டு வாட்டரில் 20 மி.லி. ஊற்றி, டம்ளரைச் சாய்த்துச் சுழற்றி, சுவர் முழுக்க நனைத்துக் கீழே கொட்டுங்கள். இதே மாதிரி மூன்று முறை. ஒரே தடவையில் நிறைய ஊற்றிக் கழுவுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கழுவுவது ஏன் நல்லது என்பதற்கு மேலே சொன்ன கணக்கே பதில். 60 மி.லி.யை ஒரே தடவை ஊற்றிக் கொட்டினால் ஒட்டியிருக்கும் நீர் 16 பிபிஎம் அளவில் நிற்கும். அதே 60 மி.லி.யை மூன்று பங்காக்கிக் கழுவினால் முதல் தடவையில் 48க்கும், இரண்டாவதில் 2க்கும், மூன்றாவதில் 0.1க்கும் இறங்கிவிடும். செலவான தண்ணீர் ஒன்றுதான்.

மீட்டரின் முனையையும், கலக்க ஸ்பூன் பயன்படுத்தினால் அதையும் இதே மாதிரி கழுவ வேண்டும். மீட்டரின் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஒட்டும் ஒரு துளியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அந்த இடத்தில்தான் மீட்டர் அளக்கவே செய்கிறது. கழுவிய பிறகு விரலால் தொடாதீர்கள். வியர்வை என்பதே உப்புத் தண்ணீர்தான், சித்திரை மாசத்தில் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. பழைய வீடுகளில் உள் மேல்தளத்திலிருந்தும் சுவரிலிருந்தும் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், மின்விசிறிக்குக் கீழே டம்ளரைத் திறந்து வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டால், திரும்பி வரும்போது எண் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. காற்று ஓடாத இடமாகப் பார்த்து, அளக்காத நேரத்தில் ஒரு மூடி போட்டு வையுங்கள்.

4. மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள்

பேட்டரி தீரப்போகிற மீட்டரும், கம்பியில் எண்ணெய் படிந்த மீட்டரும் தப்பான எண்ணைக் காட்டலாம். அதனால் மீட்டரிடம் முதலில் தெரிந்த அளவு ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

1413 மைக்ரோ சீமன்ஸ் என்றோ, 342 பிபிஎம் என்றோ (இரண்டும் வெவ்வேறு கரைசல்) அச்சிட்ட அளவுத்திருத்தக் கரைசல் பாக்கெட் சில மீட்டர்களோடு வரும். அது இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் உப்பை வைத்துச் செய்யலாம். ஒரு கிராம் உப்பை வீட்டுத் தராசு சரியாக நிறுக்காது, அதனால் 5 கிராம் உப்பை எடுத்து, முழுக் கரைசலும் 500 மி.லி. வருகிற மாதிரி ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். அதிலிருந்து 50 மி.லி. எடுத்து, மறுபடி 500 மி.லி.க்கு நிரப்புங்கள். இது லிட்டருக்கு 1 கிராம், அதாவது 1000 பிபிஎம். இதிலிருந்து 50 மி.லி. எடுத்து, இந்த முறை டிஸ்டில்டு வாட்டரால் 500க்கு நிரப்பினால் 100 பிபிஎம். கடைசிப் படிக்கு மட்டும் டிஸ்டில்டு ஏன் என்றால், ஆர்ஓவில் ஏற்கெனவே இருக்கும் உப்பு 1000த்தில் பெரிதாகத் தெரியாது, 100ல் தெரியும்.

1000 கரைசலில் மீட்டர் 1000 பக்கம் காட்டினால் அது 0.5 என்ற பெருக்கல் எண்ணை வைத்துக் கணக்கிடுகிறது. 1400 பக்கம் காட்டினால் 0.7. இரண்டும் சரியான மீட்டர்தான், மின்கடத்தலை பிபிஎம் ஆக மாற்றும் முறையில்தான் வித்தியாசம். பக்கத்து வீட்டு மீட்டர் 4 காட்டுகிறது, நம்முடையது 3 காட்டுகிறது என்ற பஞ்சாயத்து பெரும்பாலும் இதனால்தான். நூறு கரைசலிலும் அதே விகிதத்தில் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். வராவிட்டால் கம்பிகளைப் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக அலசிவிட்டு மறுபடி பாருங்கள்.

உப்புக் கரைசலில் முக்கி எடுத்த மீட்டரை நேராக டிஸ்டில்டு வாட்டருக்குள் விடாதீர்கள். மூன்றாம் பகுதியில் சொன்ன மூன்று அலசல் இங்கேயும் உண்டு.

5. இப்போது தண்ணீரை அளப்பது

கேனையும் மீட்டரையும் ஒரே அறையில் கொஞ்ச நேரம் வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வரட்டும். தண்ணீர் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் அதன் மின்கடத்தும் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும், மிகச் சுத்தமான தண்ணீரில் இன்னும் அதிகமாகவே ஏறும். மீட்டரே சூட்டைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்யும் என்றாலும், அதன் முனை தண்ணீரின் சூட்டுக்கு வருவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

கேனின் வாய்ப்பகுதியில் தூசு இருக்கும், அதனால் முதலில் வரும் தண்ணீரைக் கழுவுவதற்கு வைத்துக்கொண்டு, அடுத்ததை டம்ளரில் பிடியுங்கள். மீட்டரை விட்டு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, டம்ளரில் லேசாகத் தட்டுங்கள். கம்பிகளுக்கு நடுவில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் எண் குறைவாகக் காட்டும். எண் நின்ற பிறகு குறித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைந்தால் கிண்ணம் இன்னும் கழுவப்படவில்லை என்று அர்த்தம். மாறாமல் நிற்கும்வரை இதைச் செய்யுங்கள், அந்த எண்தான் தண்ணீருடையது.

மீட்டரை நேராகக் கேனுக்குள் விடுவது கூடாது. அளவு சரியாகவே வந்தாலும், மீதித் தண்ணீரை நீங்களே கெடுத்ததாகிவிடும்.

6. வந்த எண்ணை எப்படிப் படிப்பது

0 என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. மீட்டர் முழு எண்ணில்தான் காட்டும், ஒன்றுக்குக் கீழே இருப்பதை அதால் சொல்ல முடியாது. மைக்ரோ சீமன்ஸில் பார்த்தால் அதே தண்ணீர் 1 அல்லது 2 என்று காட்டும், அதாவது அளவுகோலின் கோடுகள் இரண்டு மடங்கு நெருக்கமாகின்றன. குறைந்த அளவுகளில் பிபிஎம்மை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

முழுக்கச் சுத்தமான தண்ணீரின் கடத்தும் அளவு 25 டிகிரியில் 0.055 மைக்ரோ சீமன்ஸ். இந்த எண்ணை வீட்டில் யாரும் பார்க்கப் போவதில்லை. திறந்த உடனேயே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து 1 பக்கம் கொண்டுபோய்விடும். கலக்கக் கலக்க எண் கொஞ்சம் ஏறி, 1ஐ ஒட்டி நின்றுவிட்டால் அது காற்றின் வேலை, அழுக்கு இல்லை.

பேனா மீட்டருக்குத் தெரியாதவையும் உண்டு. சர்க்கரை, எண்ணெய், ஸ்பிரிட் மாதிரி தண்ணீரில் மின்னூட்டம் பெறாத எதையும் அது காட்டாது. சர்க்கரைத் தண்ணீரில் விட்டாலும் தண்ணீரின் அளவைத்தான் காட்டும். கிருமியும் அதன் கண்ணுக்குத் தெரியாது. கடையில் பேட்டரி தண்ணீர் என்று விற்பதில் நிறைய டிஎம் வாட்டர்தான், அதாவது காய்ச்சி வடிக்காமல், உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் வழியாக விட்டு உப்பை மட்டும் எடுத்தது. பேட்டரிக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் மீட்டர் 0 காட்டுகிறது என்பதற்காக அதைக் குடிக்கவோ, கண்ணைக் கழுவவோ, மருந்து கலக்கவோ எடுக்காதீர்கள்.

7. காய வைத்துப் பார்ப்பது

மீட்டரை நம்பாதவர்களுக்கும், எண்ணில் சந்தேகம் வந்தவர்களுக்கும் இது. முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டைக் கழுவி, மூன்று முறை டிஸ்டில்டில் அலசிக் காய வையுங்கள். சிரிஞ்சால் ஒரு பக்கம் டிஸ்டில்டு, நடுவில் ஆர்ஓ, மறுபக்கம் போர் தண்ணீர் என்று ஒவ்வொரு துளி. காய்ந்ததும் அதே இடத்தில் இன்னொரு துளி, இப்படி இருபது துளிவரை.

ஒரு துளி ஏன் போதாது என்றால், அதில் சுமார் 0.05 மி.லி.தான் இருக்கிறது, 10 பிபிஎம் தண்ணீராக இருந்தாலும் மிஞ்சுவது ஒரு மைக்ரோகிராமில் பாதி, கண்ணுக்குச் சிக்காது. இருபது துளி சேர்ந்தால் மங்கலான வளையம் தெரிய ஆரம்பிக்கும். காய்கிறவரை மேலே கவிழ்த்த பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தாற்போல் மூடுங்கள், இல்லாவிட்டால் மேலே விழுந்த சுண்ணாம்பைத்தான் அளப்பீர்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். போர் தண்ணீர் வெள்ளைத் திட்டாக இருக்கும், டிஸ்டில்டு இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் தண்ணீர் நல்லது.

8. குளோரைடு சோதனை, தெரிந்தவர்களுக்கு மட்டும்

டிடிஎஸ் எவ்வளவு என்று சொல்லும், என்ன இருக்கிறது என்று சொல்லாது. பேட்டரிக்கு மோசமானவை குளோரைடும் இரும்பும். குளோரைடு நேர்த்தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும், இரும்பு சும்மா வைத்திருக்கும்போதே சார்ஜை இறக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இரண்டாவது ரொம்பவே உறுத்தும்.

சோதனைக்கூடச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் சில்வர் நைட்ரேட் நீர்த்த கரைசலில் இரண்டு மூன்று துளியை, ஒரு துளி நீர்த்த நைட்ரிக் அமிலத்தோடு, கொஞ்சம் தண்ணீரில் விட வேண்டும். கறுப்புக் காகிதத்தின் முன்னால் வைத்துப் பார்த்தால் பால் மாதிரி கலங்குவது குளோரைடு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தோலில் பட்டால் கறுப்பாகிப் பல நாள் போகாது, ஆத்தங்குடிக் கல் தரையில் சிந்தினால் கறை தங்கிவிடலாம். கல்லூரியில் வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்களை வைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சோதித்த தண்ணீரை எதிலும் திருப்பி ஊற்றக்கூடாது.

9. செய்யவே கூடாதவை

230 வோல்ட் லைனில் பல்பைக் கோத்து, இரண்டு வயரையும் தண்ணீரில் விட்டு, "எரியல, அப்ப சுத்தம்" என்று காட்டும் வித்தையைச் செய்யாதீர்கள். உயிர் போகும். அதோடு, கொஞ்சம் உப்பு இருக்கும் தண்ணீரிலும் பல்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரியாது, ஆபத்துக்கு ஆபத்து, பயனும் இல்லை.

மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து அளப்பது ஆபத்தில்லை, ஆனால் நேர்மின்சாரம் பாய்வதால் கம்பிகளில் மின்னூட்டம் தேங்கி எண் ஓடிக்கொண்டே இருக்கும். பிஎச் தாளும் வேண்டாம். சுத்தமான தண்ணீரே காற்றுப்பட்டால் 5.6 பக்கம் போய்விடும், அதைப் பார்த்துவிட்டு ஆசிட் கலந்திருக்கிறது என்று கேனைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சோப்பு நுரைப்பது கடினத்தன்மையை மட்டும் சொல்லும், இந்த நுணுக்கத்துக்கு உதவாது.

முக்கியமாக, மீட்டரைப் பேட்டரி செல்லுக்குள் விடாதீர்கள். உள்ளே இருப்பது ஆசிட். மீட்டர் கெட்டுப்போகும், கையும் வேகும். செல்லுக்குள் பார்க்க வேண்டியது ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால்.

10. வெள்ளித் தண்ணீர் செய்யக் கேட்பவர்களுக்கு

இரண்டு வெள்ளிக் கம்பியும் 9 வோல்ட் பேட்டரிகளும் வைத்து வீட்டிலேயே கொலாய்டல் சில்வர் (நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த தண்ணீர்) செய்ய, இதே சோதனையைச் சிலர் கேட்கிறார்கள். தண்ணீரில் குளோரைடு இருந்தால் வெள்ளி குளோரைடாகிக் கலங்கும் என்பது உண்மை, அதனால்தான் அவர்களுக்கு டிஸ்டில்டு மேல் இவ்வளவு அக்கறை. ஆனால் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதில் செய்த வெள்ளிக் கரைசல் குடிக்கத் தகுந்ததாகிவிடாது. வெள்ளி உடம்பில் தங்கும், தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும், அர்கைரியா என்று பெயர், பெரும்பாலும் மாறவே மாறாது. சில ஆன்டிபயாடிக் மருந்துகளையும் தைராய்டு மாத்திரையையும் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ள விடாது. கொலாய்டல் சில்வர் உள்ள கடை மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்கப்படவில்லை என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999லேயே விதி போட்டுவிட்டது.

இன்னொரு பொய்யான தைரியத்தையும் சொல்ல வேண்டும். செய்து முடித்த கரைசலில் டிடிஎஸ் மீட்டரை விட்டு "10 பிபிஎம் வெள்ளி" என்று எழுதி வைக்கிறார்கள். மீட்டர் அயனிகளை மட்டும், அதுவும் உப்புக் கணக்கில் காட்டுகிறது, துகளாக இருக்கும் வெள்ளி அதற்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு வெள்ளி உள்ளே போகிறது என்று குடிப்பவருக்கே தெரியாது. குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

11. தண்ணீர் தேறவில்லை என்றால்

"ஆர்ஓ தண்ணியும் இதுவும் ஒண்ணுதானே அண்ணே" என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கேட்பார். இல்லை. ஆர்ஓ உப்பைக் குறைக்கிறது, எடுத்துவிடுவதில்லை. பல வீட்டு எந்திரங்களில் ருசிக்காகத் தாதுவைத் திரும்பச் சேர்க்கவும் செய்கிறார்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் மீட்டரில் நன்றாகக் காட்டும், ஆனால் தாமிரக் குழாய், அலுமினியத் தகடு, பாசி, தூசு எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வருகிறது. வளவில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் சமையலுக்கு அருமை, ஆச்சிமார் பருப்பு வேக அதைத்தான் கேட்பார்கள், ஆனால் ஓட்டுக் கூரையின் தூசும் சுண்ணாம்பும் கலந்தது பேட்டரிக்கு வேண்டாம். வேறு கடையில் வேறு கேன் வாங்கி, அதையும் இதே வரிசையில் சோதியுங்கள்.

12. ஊற்றுவதும் மீதியை வைப்பதும்

இன்வெர்ட்டரை அணைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூடியைச் சுற்றியுள்ள தூசைத் துடைத்த பிறகே திறக்கவும். தகடு வெளியே தெரிந்தால் அது முழுகும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மூடி, சார்ஜ் ஏறிய பிறகு குறிவரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். எப்போதும் தண்ணீர் மட்டும்தான், ஆசிட் இல்லை.

புனலும் கழுவிய பாத்திரக் கணக்கில்தான் சேரும், மண்ணெண்ணெய் ஊற்றிய புனலை எடுக்காதீர்கள். மீதித் தண்ணீரை வந்த கேனிலேயே, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள், குடத்துக்கோ பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கோ மாற்ற வேண்டாம். கேன்மேல் திறந்த தேதியையும் வந்த எண்ணையும் எழுதி, பெரிய எழுத்தில் "குடிக்கக்கூடாது" என்றும் ஒட்டிவிடுங்கள், அடுத்து கதவைத் திறப்பது யாராக இருக்கும் என்று சொல்ல முடியாது.